உப்புக்காற்றில் கிடந்த ரிமோட் டாங்கியை மறுபடி ஓட வைக்க

பழைய ரிமோட் கண்ட்ரோல் டாங்கி ஒன்று கைக்கு வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, நாலு செல்லைப் போட்டு சுவிட்சைத் தட்டிப் பார்ப்போமே என்பதுதான். உள்நாட்டு ஊர்களில் அப்படிச் செய்தால் பெரிதாக ஒன்றும் கெடாமல் தப்பிக்கலாம். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம் கரையோரத்தில் இருபது முப்பது வருடம் பரணில் கிடந்த டாங்கிக்கு அது ஆகாது. அதன் உள்ளே உப்பு இருக்கிறது.

உப்பின் குணத்தைத் தெரிந்துகொண்டால் மீதி வேலையெல்லாம் ஏன் இந்த வரிசையில் நடக்கிறது என்பது தானாகப் புரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் பல இரவுகள் அந்த அளவைத் தாண்டித்தான் போகின்றன. பகலில் காய்ந்த வெள்ளைப் பொடியாகத் தெரிவது ராத்திரியில் உப்புத் தண்ணீராகிவிடுகிறது. அந்த நேரத்தில் மின்சாரம் கொடுத்தால், போகக்கூடாத வழியில் எல்லாம் கரண்ட் போகும். உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டின் மெல்லிய செம்புக் கோடுகள் அரித்துத் தின்னப்படும். ஆகவே முதலில் உப்பை வெளியேற்ற வேண்டும், அப்புறம் இயந்திர பாகங்கள், மின்சாரம் கடைசியில். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

வாங்கும்போது

நம் பக்கத்தில் இவை கிடைக்கிற இடம் இரண்டு. வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருந்து திரும்பியவர்கள் வீட்டுப் பரண் ஒன்று. காயலான் கடை இன்னொன்று. பரணில் கிடந்ததே மேல். ரிமோட்டும் பெட்டியும் கூடவே கிடைக்க வாய்ப்பு அதிகம். காயலான் கடைக்கு வருவதற்குள் ரிமோட் தனியாகப் போயிருக்கும்.

வீட்டுக்காரர் ஆசையாக, "இருங்க தம்பி, ஓட்டியே காட்டுறேன்" என்று டிவி ரிமோட்டில் இருக்கிற செல்லைக் கழற்ற ஆரம்பிப்பார். "வேண்டாண்ணே, அப்படியே குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று தடுத்துவிடுங்கள். ஓடாத சாமான் என்று விலையும் கொஞ்சம் இறங்கும்.

வாங்குவதற்கு முன் தலைகீழாகத் திருப்பி பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். அடுத்து செயினைச் சுற்றும் பல்சக்கரத்தின் பற்களை விரலால் தடவுங்கள். பல் உடைந்திருந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது கஷ்டம். டர்ரெட் எனப்படும் மேல் கூண்டு சுற்றாமல் இறுகியிருந்தால் கவலை வேண்டாம், பெரும்பாலும் கிரீஸ் காய்ந்ததுதான் காரணம். பிளாஸ்டிக்கில் விரிசல் இருந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். பல்சக்கரம், செயின், ரிமோட் ஆகிய மூன்றில் இரண்டு இல்லை என்றால் முதல் டாங்கியாக அதை எடுக்காதீர்கள். உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாங்கலாம்.

டாங்கியில் என்ன ரகம் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். மலிவான பொம்மைகளில் ஒரே மோட்டார்தான் இருக்கும். முன்னால் போகும்போது நேராகப் போகும், பின்னால் வரும்போது ஒரு பக்கம் திரும்பும், அவ்வளவுதான். அதைவிட நல்ல ரகத்தில் இடது செயினுக்கு ஒன்று, வலது செயினுக்கு ஒன்று என்று இரண்டு மோட்டார்கள். ஒன்று ஓடி ஒன்று நின்றால் வண்டி திரும்பும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இரண்டு மோட்டார் ரகமே சரி. ஒரு பக்கம் கெட்டிருந்தால் மறுபக்கத்தைப் பார்த்து எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இதற்கும் மேலே, பொழுதுபோக்காளர்களுக்கென்றே வந்த ஜப்பானின் தமியா நிறுவனத்து 1/16 அளவு டாங்கிகள். அந்த நிறுவனத்தின் முதல் ரிமோட் மாடலே 1974-இல் வந்த லெப்பர்ட் ஏ4 டாங்கிதான். அப்படி ஒன்று உங்கள் கையில் சிக்கினால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு அதில் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு சாதாரண பொம்மையில் பழகிவிட்டு வாருங்கள். 2000-க்குப் பிறகு வந்த சீனத்து ஹெங் லாங் டாங்கிகள் பழமையானவை அல்ல, ஆனால் அவற்றின் உதிரிபாகங்கள் எளிதாகக் கிடைப்பதால் பழையவற்றுக்கு அவற்றிலிருந்து கடன் வாங்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை

சாதாரண மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, ஃபிளக்ஸ், பழைய பல் துலக்கும் பிரஷ், பல் குத்தும் குச்சி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், வெள்ளை வினிகர், டிஸ்டில்டு வாட்டர், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ், தையல் மிஷின் எண்ணெய். டிஸ்டில்டு வாட்டர் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிற கடைகளில் கேனில் கிடைக்கும். மற்றவற்றில் பெரும்பாலானவை ராமநாதபுரத்திலேயே கிடைத்துவிடும். அலைவரிசையை நிர்ணயிக்கிற கிரிஸ்டல் மாதிரியான சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் மதுரைக்கோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ சொல்லிவிட வேண்டியிருக்கும்.

பிரிப்பது

ஜப்பான் பொம்மைகளின் ஸ்க்ரூக்கள் நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவருக்கு முழுதாகப் பொருந்தாதவை. பார்க்க ஒரே கூட்டல் குறிதான், ஆனால் பிலிப்ஸ் முனை அழுத்தினால் நழுவி மேலே வந்து தலையைச் சிதைத்துவிடும். ஜிஸ் (JIS) எனப்படும் ஜப்பான் தர அளவு டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும். அதற்குள் வேலை ஆக வேண்டுமென்றால் நன்றாகப் பொருந்துகிற முனையை எடுத்து, திருகுவதைவிட அழுத்துவதற்கே அதிக பலம் கொடுங்கள்.

துருவேறி அசையாத ஸ்க்ரூவுக்கு ஒரு வழி உண்டு. சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவின் தலையில் சில விநாடி வைத்து எடுங்கள். சூடு இறங்கி பிளாஸ்டிக் லேசாக இளகும், துருவின் பிடியும் விடும். உடனே டிரைவரை வைத்துத் திருகினால் வந்துவிடும். அதிக நேரம் வைத்தால் ஸ்க்ரூ பிடிக்கிற தூணே உருகிவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது, எந்த ஸ்க்ரூ நீளம், எது குட்டை என்பதெல்லாம் அடுத்த வாரம் நினைவில் இருக்காது. ஸ்க்ரூக்களை ஓர் அட்டையில் டாங்கியின் படத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது என் வழக்கம்.

பழைய இரும்பு ஸ்க்ரூக்களைத் திரும்பப் போடாதீர்கள். அதே அளவில் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ வாங்கிக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்ற ஓயாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் சேர்த்ததற்கு இந்தக் காற்றுதான் காரணம். பாலத்துக்குத் தேவைப்பட்டது பொம்மைக்கும் தேவைதான். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று உட்காரும். அதுதான் பழைய மரையின் தொடக்கம். அங்கிருந்து முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது, துளையும் தளராது.

பேட்டரிப் பெட்டி

கரையோர டாங்கிகள் பாதிக்கு மேல் கெடுவது இங்கேதான். எப்போதோ போட்ட செல்லை எடுக்காமலே விட்டிருப்பார்கள். திறந்தால் ஸ்பிரிங்கின் மேல் வெள்ளைப் பூ, தகட்டில் பச்சைக் களிம்பு, மூலையில் துருவின் சிவப்பு என மூன்று நிறமும் கலந்து கிடக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

செல் இன்னும் உள்ளே இருந்தால் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆல்கலைன் என்றால் கசிந்தது காரம். வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் நுரைத்துக் கரையும். எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும், ஆனால் அதைச் சரியாகக் கழுவாவிட்டால் எறும்பு வரும். பழைய சாதாரண கார்பன் செல் என்றால் கசிந்தது அமிலத்தன்மை உள்ளது. அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். எந்த செல் என்று தெரியவில்லையா, இரண்டையும் விட்டுவிட்டு டிஸ்டில்டு வாட்டரால் பலமுறை கழுவி ஆல்கஹாலால் துடையுங்கள். எதைப் பயன்படுத்தினாலும் கடைசிக் கழுவல் டிஸ்டில்டு வாட்டர்தான்.

கழுவியபின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மேலே இருக்கிற நிக்கல் பூச்சு போய் இரும்பு தெரிந்தால், உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் அடுத்த மழைக்காலத்தில் துரு திரும்ப வரும். புது பேட்டரி ஹோல்டர் ஒன்றை வாங்கி அதன் தகட்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்து இதில் பொருத்துங்கள். செலவு சொற்பம்.

இன்னொன்று, தகட்டில் இருந்து போகிற வயர். மேலுறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளக்காமல் கறுப்பாக இருந்தால் செல்லின் கசிவு உறைக்குள்ளேயே ஏறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். மைனஸ் பக்கத்து வயரில்தான் இது அதிகம். இந்தக் கறுத்த வயரில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. உருண்டையாக உட்கார்ந்து, தட்டினால் உதிரும். செம்பு பளபளக்கிற இடம் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பல நேரம் முழு வயரையும் மாற்றுவதே மிச்சம். படகு வயரிங்குக்கு வரும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே போடுங்கள், நம் காற்றுக்கு அது நன்றாகத் தாங்கும்.

உப்பைக் கழுவுதல்

மோட்டார், போர்டு, பேட்டரித் தகடுகள் எல்லாம் வெளியே எடுத்தபின் வெறும் பிளாஸ்டிக் உடம்பையும் சக்கரங்களையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போடலாம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் வளையும். ஸ்டிக்கர் ஒட்டிய பாகங்களை ஊறப்போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பது இங்கே முக்கியம். நம் மாவட்டத்தில் பல ஊர்களின் கிணறும் போரும் உவர். அந்தத் தண்ணீரில் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுகிற வேலை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்ததையோ மழைத் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். முடிவில் டிஸ்டில்டு வாட்டரை ஒரு முறை ஊற்றி எடுத்து நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் கோணிக்கொள்ளும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றும் கறையை நன்றாக எடுக்கும், பிளாஸ்டிக்கையும் சேர்த்து எடுக்கும். படகு மெக்கானிக் நண்பர்கள் அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கியர்பாக்ஸும் மோட்டாரும்

கியர்பாக்ஸைத் திறந்ததும் பழுப்பு மெழுகு மாதிரி ஒன்று பற்களுக்கு நடுவே அடைத்திருக்கும். காய்ந்துபோன கிரீஸ் அது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி, ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். எடுத்தபின் ஒவ்வொரு சக்கரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குறிப்பாக மோட்டார் தண்டில் நேராக மாட்டியிருக்கிற சின்ன பினியனை. பிளாஸ்டிக் பினியன் வருடக்கணக்கில் தண்டை இறுக்கிப் பிடித்தபடியே இருப்பதால் இரண்டு பல்லுக்கு நடுவே முடி மாதிரி கீறல் விழும். டாங்கி ஓடும்போது 'டக் டக்' என்று சீராகக் கேட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பல்லை எண்ணி, வெளிவிட்டத்தை அளந்து, தண்டின் கனத்தையும் குறித்துக்கொண்டு தேடுங்கள். சின்ன 130 ரக மோட்டாரின் தண்டு 2 மில்லிமீட்டர், பெரிய 540-க்கு 3.17.

புது கிரீஸ் பற்களில் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அப்பி வைத்தால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மணல் பட்ட கிரீஸ் பற்களை அரம் போட்டு ராவுகிற வேலையைச் செய்யும். சக்கர அச்சுகளில் துரு இருந்தால் நயமான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை அளவாக வெட்டிப் போட்டுப் பார்க்கலாம், சின்ன டாங்கிகளுக்கு அதுவே தாங்கும்.

மோட்டாரைத் தனியாக எடுத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டபடி தண்டை விரலால் மெல்லச் சுற்றுங்கள். சில ஓம் காட்டி, சுற்றும்போது கொஞ்சம் ஏறி இறங்கினால் நல்லது. ஏதோ ஓர் இடத்தில் மட்டும் தொடர்பே அறுந்துபோனால், உள்ளே ஒரு கம்பிச் சுற்று போயிருக்கும் அல்லது சுற்றுகளுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற கம்யூட்டேட்டரில் அழுக்கு இருக்கும். ஒரு துளி காண்டாக்ட் கிளீனர் விட்டு, ஒரே ஒரு 1.5 வோல்ட் செல்லில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அழுக்குதான் என்றால் தெளிந்துவிடும். பிறகு தண்டைத் தாங்குகிற இரு முனை புஷ்ஷுக்கும் குண்டூசி முனையில் தொட்டு எண்ணெய் வைத்தால் போதும். எண்ணெய் உள்ளே கரண்ட் கடத்துகிற கார்பன் பிரஷ் பக்கம் இறங்கினால் கார்பன் தூளோடு சேர்ந்து சேறாகிவிடும்.

மோட்டாரின் முதுகில் சின்னச் சின்னப் பழுப்பு வட்டுகள் சால்டர் செய்திருப்பதைப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் 104 என்று எழுதியிருக்கும். 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர்கள் அவை. பிரஷ் பொறி விடும்போது எழும் ரேடியோ இரைச்சலை அடக்குவது அவற்றின் வேலை. உடைந்திருந்தால் புதிது போடாமல் விடக்கூடாது. விட்டால் மோட்டார் ஓட ஆரம்பித்ததுமே ரிமோட் பேச்சைக் கேட்காமல் போகும். வண்டி தானாகத் துள்ளுகிறது, ரிசீவர் கெட்டுவிட்டது என்று தலையில் கைவைக்கிற பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தச் சில்லறைக் கபாசிட்டர்தான்.

செயின்

ரப்பர் மாதிரி வளைகிற ஒரே துண்டுச் செயின் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, சிலிக்கான் எண்ணெயை மெல்லத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் கூடாது. நாளாக நாளாகச் சிக்குப்பிடித்து அழுக்கைச் சேர்க்கும். விரிசல் சிறிதாக இருந்தால் உட்பக்கத்தில் மெல்லிய துணிப்பட்டையை வளையும் ரப்பர் பசையால் ஒட்டலாம். பல்சக்கரத்தின் பல் நுழைகிற ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

கண்ணி கண்ணியாகக் கோத்த பிளாஸ்டிக் செயினில் கெடுவது கண்ணி அல்ல, ஊசிதான். இரும்பு ஊசி துருவேறி ஊதி, கண்ணியையே பிளக்கும். துருவேறியவற்றைத் தட்டி எடுத்துவிட்டு பித்தளைக் கம்பி கோக்கலாம். அதுவரைக்கும் கைவசம் இருக்கிற வழி, மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் கனமான தூண்டில் நரம்பு. துளைக்குச் சரியான கனத்தைக் கேட்டு வாங்கி, கோத்து, இரு முனையையும் சால்டரிங் அயர்னால் தொட்டால் நைலான் உருகிக் குமிழாகும், கழலாது. துருவும் பிடிக்காது. தற்காலிகம் என்று போட்ட நரம்பே நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு.

செயினை அதிகம் இறுக்காதீர்கள். மேல் பக்கம் லேசாகத் தொய்ந்து இருக்க வேண்டும். நிஜ டாங்கியிலும் கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் வைப்பார்கள்.

போர்டும் ரிமோட்டும்

போர்டை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படர்ந்த இடத்தில் டிஸ்டில்டு வாட்டரால் பிரஷ் செய்து, அடுத்து ஆல்கஹால் விட்டு இன்னொரு முறை தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஆல்கஹால் மட்டும் போதாது. உப்பு அதில் கரைவது குறைவு, தண்ணீர்தான் உப்பை எடுக்கும், ஆல்கஹால் தண்ணீரை எடுக்கும். உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டரின் அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ தலை உப்பியிருந்தாலோ அதே மைக்ரோஃபாரடில், அதே வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்டதில் மாற்றுங்கள். மைனஸ் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்று படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்டில் மெழுகு ஊற்றிய செம்புக் காயிலோ நடுவில் சின்னத் திருகு உள்ள உலோகப் பெட்டியோ இருந்தால் அவற்றைத் தொடவே கூடாது. தொழிற்சாலையில் அலைவரிசைக்கு ட்யூன் செய்து வைத்தவை. அரைச் சுற்றுத் திருகினாலும் கருவியில்லாமல் திரும்பக் கொண்டுவர முடியாது.

ரிமோட் பெட்டியைத் திறந்து பேட்டரிப் பகுதியில் முன்பு சொன்ன வேலையைச் செய்யுங்கள். குச்சியின் அடியில் வெறும் தகட்டு சுவிட்ச் இருந்தால், ஆல்கஹாலில் நனைத்த காகிதப் பட்டையை இரண்டு தகட்டுக்கும் நடுவே வைத்து, லேசாக அழுத்திப் பிடித்து இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு வரும். கோடு வராத வரை இழுங்கள். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும்.

அலைவரிசை விஷயம் புதியவர்களைக் குழப்பும். பழைய பொம்மைகளில் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ். பெட்டியிலோ அடியிலோ 27, 40, 49 என்று ஏதாவது எழுதியிருக்கும். ரிமோட்டும் டாங்கியும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறனில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், ஆகவே 27-இல் சட்டச் சிக்கல் கிடையாது. நல்ல ரகங்களில் கழற்றக்கூடிய கிரிஸ்டல் இருக்கும். பழுப்பு 26.995, சிவப்பு 27.045, ஆரஞ்சு 27.095, மஞ்சள் 27.145, பச்சை 27.195, நீலம் 27.255. இங்கே ஒரு கண்ணி உண்டு. ரிமோட்டில் போடுகிற கிரிஸ்டலும் டாங்கியில் போடுகிறதும் ஒரே நிறமாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவை அல்ல. வழக்கமாக ரிசீவர் கிரிஸ்டல் 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக இருக்கும். மஞ்சள் என்றால் ரிமோட்டில் 27.145, டாங்கியில் 26.690. இடம் மாற்றிப் போட்டுவிட்டு போர்டு செத்துப்போச்சு என்று எறிந்தவர்கள் உண்டு.

டாங்கிக்குள் சுருண்டு கிடக்கும் ஒற்றை வயர்தான் அதன் ஏரியல். அழகுக்காக வெட்டிவிடாதீர்கள்.

ரிமோட்டே இல்லை, அல்லது போர்டு மீட்க முடியாத அளவு அரித்துவிட்டது என்றால், பழைய போர்டை உறையில் போட்டு பத்திரப்படுத்திவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரும் முன்னே பின்னே ஓட்டக்கூடிய இரண்டு பிரஷ்டு ஸ்பீடு கண்ட்ரோலரும் போடலாம். பழைய உடம்பில் எதையும் வெட்டாமல், துளையிடாமல் பொருத்துவதுதான் கெட்டிக்காரத்தனம். நாளைக்கு அசல் ரிமோட் எந்தப் பரணிலிருந்தாவது வந்து சேரலாம்.

முதல் கரண்ட்

இப்போதுதான் பேட்டரி. அதையும் நேரடியாகக் கொடுக்க வேண்டாம். பைக் மெக்கானிக்கிடம் ஒரு இண்டிகேட்டர் பல்பு வாங்கி, பேட்டரியின் பிளஸ் வயருக்கு நடுவே தொடராகச் சேருங்கள். 6 அல்லது 7.2 வோல்ட் டாங்கிக்கு இது பொருந்தும். சுவிட்ச் போட்டதும் பல்பு நன்றாக எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட்டுத் தேடுங்கள். எரியாமல் இருந்து, ரிமோட்டை அழுத்தும்போது மட்டும் மங்கலாக மின்னி மோட்டார் மெதுவாகச் சுற்றினால் எல்லாம் சரி. பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கலாம். செயினை மாட்டாமல், வண்டியை ஒரு புத்தகத்தின் மேல் தூக்கி வைத்துச் சோதியுங்கள்.

பேட்டரிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் நல்லது. ஒரு செல் 1.2 வோல்ட் என்பதால் நாலு போட்டால் 4.8 தான் வரும், சாதாரண செல்லின் 6 வோல்ட்டைவிட வேகம் கொஞ்சம் குறையும். பழைய கியருக்கு அது நல்லதே. லித்தியம் பேக் போட்டுப் பறக்கவிட வேண்டும் என்ற ஆசையைப் பழைய வண்டியில் காட்ட வேண்டாம். டாங்கியோடு வந்த பழைய நிக்கல் காட்மியம் பேக்கைக் கடலிலோ குப்பையிலோ போடாதீர்கள், எரிக்கவும் கூடாது. காட்மியம் நஞ்சு. மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

உடம்பும் பெயிண்டும்

விரிசலை உட்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்து இரண்டு டியூப் எப்பாக்சியால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். காய்ந்தபின் சுற்றிலும் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஆகும், அடி பட்டால் விட்டுவிடும்.

பெயிண்ட் பற்றி என் கருத்து: அடிக்காதீர்கள். தொழிற்சாலை நிறமும் தேய்ந்த ஸ்டிக்கரும்தான் பழைய பொம்மையின் மதிப்பு. ஆவடியில் செய்கிற அர்ஜுன் மாதிரி பாலைவன நிறம் அடிக்க ஆசையென்றால் அதற்கென்று உடைந்த உடம்பு ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அடித்தே தீர வேண்டுமென்றால் பருவம் பார்த்து அடியுங்கள். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதி ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே பெயிண்ட் ஈரத்தை இழுத்துப் பால் மாதிரி வெளுத்துப்போகும். தை முடிந்து பங்குனி வரை நல்ல காலம், அதிலும் வெயில் ஏறிய பிறகு.

வைப்பதும் ஓட்டுவதும்

கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்தால் உப்பு திரும்ப வந்து சேரும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரம் இழுத்து நிறம் மாறினால் 110 டிகிரி அளவில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். செல்லைக் கட்டாயம் கழற்றுங்கள். தகடுகளில் வாசலைனைத் துடைத்த மாதிரி தடவுங்கள். செயின் மேல் எடை நிற்காதபடி வயிற்றுக்கு ஒரு மரக்கட்டை கொடுங்கள். மென்மையான வினைல் செயின் வெகுநாள் பிளாஸ்டிக் சக்கரத்தைத் தொட்டபடியே இருந்தால் அந்த இடம் இளகி ஒட்டிக்கொள்ளும். நடுவே பட்டர் பேப்பர் துண்டு வைத்தால் போதும்.

டாங்கி என்றதும் எல்லோருக்கும் தனுஷ்கோடி மணலில் ஓட்டிப் படம் எடுக்கத்தான் ஆசை. படம் வேண்டுமானால் மணலில் நிறுத்தி எடுங்கள், ஓட்டாதீர்கள். ஈர மணல் ஒரு சுற்றிலேயே கியர்பாக்ஸுக்குள் போய்விடும், உப்போடு. காய்ந்த கண்மாய்த் தரை பரவாயில்லை, ஆனால் சீமைக்கருவேல முள் செயினில் ஏறிப் பல்சக்கரத்தை அடைக்கும். மொட்டை மாடி, பள்ளிக்கூடத்து சிமெண்ட் தளம், வீட்டு முற்றம் போதும். முதல் ஓட்டத்தை ஐந்து நிமிடத்தில் நிறுத்தி மோட்டாரின் மேல் விரல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் ஓட்டலாம். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் எங்கோ இறுக்கம் இருக்கிறது, கியர்பாக்ஸைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.